ஆரம்பம் இல்லாத சண்டை

அந்த ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடையில் இரண்டு ஆண்கள் வேலை பார்த்தார்கள், ஒரு பெண் நடுவில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் என்றால் உண்மையிலேயே நடுவில்தான். இடது பக்க மேசை அவளுடைய அண்ணனுடையது. வலது பக்க மேசை அவளுடைய வீட்டுக்காரருடையது. இரண்டுக்கும் இடையில் ஒரு டெலிஃபோன், ஒரு சுழல் நாற்காலி, அதில் அவள். தெருவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நடுவர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை. தினமும் மூன்று மணி டீயோடு கடையில் ஒரு வழக்கு நடக்கும். கடவுள் ஆதியும் அந்தமும் இல்லாதவர், எல்லாவற்றுக்கும் அவரே காரணம் என்பது அண்ணனின் கட்சி. பிரபஞ்சம் தானாக வந்தது, அதற்குக் காரணம் என்று ஒன்று தேவையே இல்லை என்பது வீட்டுக்காரரின் கட்சி. இரண்டு பேரும் படித்த படிப்பு ஃப்ரிட்ஜோடு முடிந்துவிட்டதால் பேச்சும் ஃப்ரிட்ஜைச் சுற்றியே வரும். ஃப்ரிட்ஜ் ஓடுகிறது என்றால் யாரோ ப்ளக்கைச் செருகியிருக்க வேண்டும் என்பார் அண்ணன். அப்படியானால் அந்த யாரோவுக்கு ப்ளக் செருகியது யார் என்பார் வீட்டுக்காரர். அவருக்கு ப்ளக்கே தேவையில்லை என்று பதில் வரும். ப்ளக் இல்லாமல் ஓடுகிற ஒன்று இருக்கலாம் என்றால் ஃப்ரிட்ஜே அப்படி ஓடிவிட்டுப் போகட்டுமே, இடையில் இன்னொருவர் எதற்கு என்று வீட்டுக்காரர் மடக்குவார்.

வெற்றிடம்கூட வெறும் வெற்றிடம் இல்லை, அதிலும் ஏதாவது முளைத்துக்கொண்டே இருக்கும் என்று வீட்டுக்காரர் எங்கோ கேட்டுக்கொண்டு வந்த அன்று அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இத்தனை வருஷமாக வேக்குவம் பம்ப் வைத்து ஃப்ரிட்ஜ் குழாய்களைக் காலி செய்கிறேன், ஒரு நாளாவது அதற்குள்ளிருந்து ஒரு கொசுவாவது பிறந்து வந்ததா என்று கேட்டார். பழுதான ஃப்ரிட்ஜைக் கொண்டு வந்தவர்கள் அதை மறந்துவிட்டு நின்று வேடிக்கை பார்ப்பார்கள். கடைசியில் இரண்டு பேரும் அவள் பக்கம் திரும்பி, நீயே சொல்லு என்பார்கள். டீ ஆறுது என்பாள் அவள். இருபது வருஷமாக அவள் கொடுத்த ஒரே தீர்ப்பு அதுதான்.

அந்த வழக்கு ஒரு நாள் நின்றுபோனது. யாரும் கத்தவில்லை, எதுவும் உடையவில்லை. அன்று அவளுக்குக் கடைவாய்ப்பல் வலி. போதாததற்கு வெயில் காலம், ஊரில் உள்ள ஃப்ரிட்ஜெல்லாம் சொல்லி வைத்த மாதிரி கெட்டுப்போய், வைக்க வைக்க ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. அந்த அமர்க்களத்தில் கடை எப்போது ஊமையானது என்று அவள் கவனிக்கவில்லை. மறுநாள் மூன்று மணிக்குத்தான் தெரிந்தது. அண்ணன் இடது பக்கச் சுவரைப் பார்த்து டீ குடித்தார். வீட்டுக்காரர் வலது பக்கச் சுவரைப் பார்த்துக் குடித்தார்.

முதல் சில நாள் அவளுக்குச் சொர்க்கமாக இருந்தது, அதை மறைப்பானேன். ஃபோனில் அடுத்த முனையில் பேசுவது தெளிவாகக் கேட்டது. பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்தாள். அப்புறம்தான் சேதி சொல்லும் வேலை அவள் தலையில் விடிந்தது. நீல ஃப்ரிட்ஜுக்கு கேஸ் ஏற்றலாம் என்று உன் அண்ணனிடம் சொல் என்பார் வீட்டுக்காரர். நாலு அடி தள்ளி நிற்கிற அண்ணன் காதில் அது நன்றாகவே விழும். ஆனாலும் அவள் வாயிலிருந்து இன்னொரு முறை வரும்வரை ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார். அவளும் சொல்வாள். கல்யாணமே செய்துகொள்ளாமல் மாடி அறையில் தங்கி, அவர்கள் வீட்டு மேசையிலேயே சாப்பிட்டு வந்த அண்ணன், இப்போது தட்டை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். படி ஏறினால் முட்டிக்கு நல்லது என்று காரணம் வேறு சொன்னார்.

வேலையும் நாறிப்போனது. கேஸ் கசிவு அண்ணன் பார்ப்பது, மின்சாரம் வீட்டுக்காரர் பார்ப்பது. பூக்கடைக்காரியின் ஃப்ரிட்ஜில் இரண்டும் கெட்டிருந்தது. மற்றவர் பார்த்திருப்பார் என்று இருவருமே இருந்துவிட்டார்கள். வாடிய ரோஜாக்களை ஒரு வாளி நிறையக் கொண்டு வந்து அவள் மேசைமேல் கொட்டிவிட்டுப் போனாள் பூக்கடைக்காரி.

அன்று சாயந்திரம் வீட்டுக்காரர் முடிவைச் சொன்னார். கடையை இரண்டாகப் பிரித்துவிடலாம். நடுவில் ஒரு சுவர், இரண்டு ஷட்டர், அவரவர் வேலை அவரவருக்கு. அண்ணனிடம் போய்ச் சொன்னாள். நல்ல யோசனை என்று சொல் என்றார் அவர். பழகின நாளிலிருந்து இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் இதுதான்.

செவ்வாய்க்கிழமை கொத்தனார் வந்து நூல் பிடித்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். வாசலில் ஆரம்பித்த கோடு நேராக வந்து அவளுடைய நாற்காலிக்கு அடியில் புகுந்து பின்சுவரில் போய் நின்றது.

"வெள்ளிக்கிழமை வேலை ஆரம்பிக்கிறேன். நாற்காலி எந்தப் பக்கம் வருதுக்கா?" என்று கேட்டார் கொத்தனார்.

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்குத்தான் அது சாதாரணக் கேள்வியாக இல்லை. இந்தப் பக்கம் என்றால் கூடப்பிறந்தவர் போனார், அந்தப் பக்கம் என்றால் கட்டியவர் போனார். அவளுக்கு இரண்டு பேரும் வேண்டும். அந்த வெட்டிப் பேச்சும் வேண்டும். அது இல்லாமல் மூன்று மணி என்பது வெறும் மூன்று மணியாக இருந்தது. பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது அவளுக்கு ஒரு வழி தோன்றியது. ஃப்ரிட்ஜில் கேஸ் எங்கே கசிகிறது என்று தெரியாவிட்டால் அண்ணன் என்ன செய்வார்? சோப்பு நுரையைக் குழாயில் தடவிக்கொண்டே போவார். எங்கே குமிழி கிளம்புகிறதோ அங்கே ஓட்டை. இந்தச் சண்டையையும் அப்படியே தடவிக்கொண்டு பின்னால் போக வேண்டியதுதான், முதல் ஓட்டை அகப்படாமலா போய்விடும்?

முதலில் வீட்டுக்காரரைப் பிடித்தாள். ஏன் சண்டை என்றாள். பூக்கடைக்காரியிடம் வயரிங்தான் கோளாறு என்று உன் அண்ணன் போட்டுக்கொடுத்தாரே, அதனால் என்றார். அதற்கு முன்னாலேயே பேச்சு இல்லையே என்றாள். கேட்ட ஸ்பேனரைக் கையில் தராமல் தரையில் வைத்தாரே என்றார். அதற்கு முன்னால்? நான் ஊற்றிவைத்த டீயை எடுக்காமல் வேறு டம்ளரில் தானே ஊற்றிக்கொண்டார். அதற்கும் முன்னால்? அதற்கும் முன்னால் ஏதோ இருந்தது, இப்போது ஞாபகம் இல்லை என்றார்.

"ஒண்ணுமே இல்லாமகூட இருந்திருக்கலாம் இல்லையா?" என்று விட்டுப் பார்த்தாள்.

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காரணம் இல்லாம ஒண்ணு எப்படி வரும்? சும்மா கிடந்த இடத்துல சண்டை தானா முளைக்குமா? ஆரம்பிச்சவர்னு ஒருத்தர் இருந்தே ஆகணும்."

அவள் அவரையே பார்த்தாள். "இன்னொரு தடவை சொல்லுங்க."

இன்னொரு தடவையும் சொன்னார், இன்னும் சத்தமாக.

அடுத்து மாடிக்குப் போனாள். அண்ணன் ஜன்னலோரம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. இருந்தாலும் விடவில்லை. ஏன் சண்டை என்று அவரையும் கேட்டாள். சுவர் யோசனை மாப்பிள்ளையுடையதுதானே என்றார் அண்ணன். அதற்கு முன்னால் என்றாள். அப்படியே பின்னால் பின்னால் போய், டீயை எடுக்காத நாளுக்கு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை முந்தின நாளே முகத்தைத் திருப்பிக்கொண்டாரே, அந்த டீயை எந்த முகத்தோடு எடுப்பது என்றார்.

"அவர் ஏன் திருப்பினார்? எல்லாத்துக்கும் முதல்ல யாரு அண்ணா?"

அண்ணன் நியாயஸ்தர். கையில் எடுத்த கவளத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தார். "யாரும் இல்லம்மா. நான் ஆரம்பிக்கல. மாப்பிள்ளை ஆரம்பிச்சார்னு சொன்னா அதுவும் பொய்யாப் போகும். சில விஷயம் அப்படித்தான். காரணம்னு ஒண்ணு கிடையாது, தானா வரும்."

கடவுள் காதில் விழுந்திருக்குமோ என்று அவள் ஒருமுறை கூரையைப் பார்த்துக்கொண்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு படி இறங்கினாள். பாதிப் படியில் உட்கார்ந்து சிரித்துத் தீர்த்துவிட்டுத்தான் மீதிப் படியை இறங்க முடிந்தது.

வெள்ளிக்கிழமை கொத்தனார் செங்கலோடு வந்து வாசலில் சிமெண்ட் குழைத்தார். முதல் கல் வைக்குமுன் எல்லோரும் டீ குடித்தாக வேண்டும் என்று நடுவர் உத்தரவு போட்டாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உம்மென்று உட்கார்ந்தார்கள். அவள் டம்ளர்களைக் கொடுத்துவிட்டுத் தன் நாற்காலியில் அமர்ந்தாள்.

"அண்ணா, உன்கிட்ட ஒரு சேதி. காரணம் இல்லாம எதுவும் வராதுன்னு இவர் சொல்றார். ஆரம்பிச்சவர்னு ஒருத்தர் இருந்தே ஆகணுமாம்."

அண்ணனின் டம்ளர் பாதி வழியில் நின்றது.

"உங்களுக்கும் ஒரு சேதி இருக்கு," என்று வீட்டுக்காரர் பக்கம் நாற்காலியைச் சுழற்றினாள். "அண்ணன் சொல்றார், சில விஷயத்துக்குக் காரணமே கிடையாதாம். தானா வருமாம்."

கடையில் மேசை விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது சண்டையைப் பற்றி, பிரபஞ்சத்தைப் பற்றி இல்லை என்று உன் அண்ணனிடம் சொல் என்றார் வீட்டுக்காரர். அவள் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முழுசாகத் திரும்பிவிட்டார்.

"அதெப்படி மாப்பிள்ளை? இத்துனூண்டு சண்டைக்கு ஒரு காரணம் வேணும், இத்தனை பெரிய உலகத்துக்கு வேண்டாமா?"

"நீங்க மட்டும் என்ன மச்சான்? உலகம் தானா வராது, சண்டை மட்டும் தானா வந்துடுமா?"

அவ்வளவுதான். மடை திறந்துகொண்டது. பல நாள் பேசாமல் சேர்த்து வைத்ததையெல்லாம் இரண்டு பேரும் அன்றே பேசித் தீர்த்துவிடுவது என்று இறங்கிவிட்டார்கள். சிமெண்ட் இறுகுகிறது என்று கொத்தனார் இரண்டு தடவை வந்து சொன்னார். இரண்டு தடவையும் இருவரும் சேர்ந்து அவரை இருக்கச் சொன்னார்கள். மூன்றாம் தடவை அவரும் ஒரு டம்ளர் டீயை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டார். சுவர் என்று ஒன்று இருந்தால் கொத்தனார் என்று ஒருவர் இருந்தாக வேண்டுமே என்று அவருக்குத் தெரிந்த நியாயத்தை எடுத்துவிட்டார். அண்ணன் பெருமையாகத் தலையாட்டினார். இங்கே கொத்தனார் இருக்கிறார், சுவரைத்தான் காணோம், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார் வீட்டுக்காரர். கொத்தனாருக்கு அது ஏனோ மனசில் தைத்துவிட்டது. வெளியே போய், குழைத்த சிமெண்ட் வீணாக வேண்டாம் என்று கடையின் உடைந்த வாசற்படியைப் பூச ஆரம்பித்தார்.

உள்ளே வழக்கு சண்டையின் பிறப்புக்கு வந்திருந்தது. இரண்டு பேரும் மேசையை விட்டு எழுந்து, அன்று நின்ற இடத்திலேயே நின்று, நடந்ததை நடந்தபடி செய்து பார்த்தார்கள். நீங்கள் வேக்குவம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தீர்கள், திடீரென்று வாயை மூடிக்கொண்டீர்கள் என்றார் அண்ணன். இல்லை, நீங்கள்தான் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு முகத்தைத் திருப்பினீர்கள் என்றார் வீட்டுக்காரர். கடைசியில், இரண்டு பேரும் ஒரே நொடியில்தான் நிறுத்தியிருக்கிறார்கள் என்று முடிவானது. மற்றவர் கோபத்தில் நிறுத்தினார் என்று ஆளுக்கு ஆள் நினைத்திருக்கிறார்கள்.

காரணமே இல்லாமல் ஒன்று வந்ததற்குக் கண்ணெதிரே சாட்சி என்று வீட்டுக்காரர் துள்ளினார். இரண்டு வாயை ஒரே நொடியில் மூட வைக்க வேண்டுமென்றால் கண்ணுக்குத் தெரியாத ஒருவர் செய்திருக்க வேண்டும் என்று அண்ணன் அதைவிடத் துள்ளினார்.

அவள் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. பல் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

கடை ஊமையான அந்த நாள் இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஃபோனில் ஒருவர் தன் விலாசத்தை மூன்றாம் முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பல் விண் விண் என்று தெறித்தது. அவள் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசாம இருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவர்கள் பேசாமல் இருந்தார்கள். இருந்துவிட்டு, யார் சொல்லி நிறுத்தினோம் என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். மேசை விசிறியின் சத்தத்தை யார் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள்? அவளுக்கு உள்ளூர வலித்தது. இருபது வருஷத்தில் அவள் சொல்லி அவர்கள் கேட்டது அந்த ஒரே வார்த்தை, அதையும் அவள் சொன்னதாக அவர்களுக்குத் தெரியவில்லை. வலித்த அதே வேகத்தில் சிரிப்பும் முட்டிக்கொண்டு வந்தது.

"நீ இங்கேதானே உட்கார்ந்திருந்தே," என்றார் அண்ணன். "நீயே சொல்லும்மா. காரணம் உண்டா, இல்லையா?"

இரண்டு பேரும் அவள் பக்கம் குனிந்து, பதிலுக்குக் காத்திருந்தார்கள். சொல்ல ஒரு நிமிஷம் ஆகாது. சொன்னால் வழக்கு முடிந்துவிடும். நாளைக்கு மூன்று மணிக்கு ஆளுக்கொரு சுவரைப் பார்க்க வேண்டியதுதான். எல்லாவற்றுக்கும் காரணமாக ஒருவர் இருந்தால் அவர் ஏன் இத்தனை காலமும் வாயைத் திறக்கவில்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது.

நாற்காலியைச் சற்றுத் தள்ளி, அடியில் இருந்த சாக்பீஸ் கோட்டைக் காலால் தேய்த்தாள்.

"டீ ஆறுது," என்றாள்.