ஏழாம் விதிக்கு மட்டும்

சங்கத்துக்கு நான் தர வேண்டிய சந்தா பாக்கி நாற்பத்திரண்டு ரூபாய் ஐம்பது காசு. பாக்கி தீரும்வரை தலைமூட்டையை இறக்கக் கூடாது. எங்கள் சுமைதூக்குவோர் சங்கத்தின் அமைப்புச் சட்டத்தில் அது ஏழாம் விதி. அதனால் பொங்கலிலிருந்து ஒரு மூட்டை துவரம்பருப்பு என் தலையில் இருக்கிறது. நின்றபடியே தூங்குகிறேன்.

அந்த விதியைத் திருத்த மாநாடு கூட்டினார்கள். நோட்டீஸில் ‘ஏழாம் விதிக்கு மட்டும்’ என்று இருந்தது. நாற்பதுக்கு மேல் படிக்கக் கற்றவன் நான். எழுத்தெழுத்தாகத்தான் படிப்பேன். ‘மட்டும்’ இருந்தது.

மாநாடு குடோனில். ஓட்டுப் போடுவது சும்மாட்டால். மூட்டைக்கு அடியில் வைக்கும் துணிச்சுருள் தலையில் இருந்தால் சம்மதம். எடுத்தால் மறுப்பு.

“மொதல்ல இந்தக் கதவப் பாப்போம்,” என்றார் தலைவர் செவத்தையா. “காத்துல பேச்சே கேக்க மாட்டேங்குது.”

கதவை நீக்கித் தீர்மானம் போட்டார்கள். அந்த இடத்தில் சுவர் இருந்தது. சுண்ணாம்பு காய்ந்திருந்தது.

“அண்ணே, ஏழாம் விதிக்குத்தான கூடுனோம்?” என்றேன்.

“கூடுனது நாங்க. எதுக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?”

“நோட்டீஸ்ல ‘மட்டும்’னு இருக்கே.”

செயலாளர் இருளப்பன் நோட்டீஸைத் திருப்பிப் பார்த்தார். “நோட்டீஸ்லதான இருக்கு. சட்டத்துல இல்லயேப்பா.”

“மாநாட்டுக்கு அதிகாரம் இல்லங்கிறவங்க சும்மாட்ட எடுங்க,” என்றார் தலைவர்.

என் சும்மாட்டின் மேல் மூட்டை இருந்தது. இறக்க இன்னொரு கை வேண்டும்.

“ஏப்பா மாசாணம், ஒரு கை குடு,” என்றேன் பக்கத்தில் நின்றவனிடம்.

“ஏழாம் விதி இருக்குல்ல மாமா. திருத்தட்டும், தாரேன்.”

“ஏகமனதா நிறைவேறுச்சு,” என்றார் தலைவர். கைதட்டினார்கள்.

பிறகு செவ்வாய்க்கிழமையை நீக்கினார்கள். மழையைச் சந்தா கட்டச் சொன்னார்கள். என் வீட்டை வேறு தெருவுக்கு மாற்றினார்கள். என் பெண்டாட்டி பேச்சியிடம் சொல்ல இருளப்பன் எழுந்தார். கதவு இல்லாததால் உட்கார்ந்துகொண்டார்.

எல்லாவற்றுக்கும் என் தலையில் சும்மாடு இருந்தது.

“மாமாதான்யா உண்மையான உறுப்பினர்,” என்று மாசாணம் சிரித்தான்.

கடைசியில் தூண்களை நீக்கினார்கள். மேடையை மறைக்கிறதாம். கூரை இறங்கி வந்தது. என் மூட்டைமேல் உட்கார்ந்தது. நின்றது.

தலைவர் மேலே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இப்ப ஏழாம் விதி,” என்றார்.

“எறக்கலாம்னு திருத்துங்கண்ணே. கழுத்து போச்சு.”

“எறக்குனா அத்தன பேரும் காலிடா.”

இருளப்பன் எழுதி வாசித்தார். உறுப்பினர் பட்டியலில் என் பெயர் நீக்கம். கட்டடத்தில் தூண் ஒன்று சேர்ப்பு. தூணுக்குச் சந்தா கிடையாது. பாக்கியும் கிடையாது.

“மறுக்கிறவங்க சும்மாட்ட எடுங்க.”

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

“நாப்பத்திரண்டு ரூவா அம்பது காசு, தள்ளுபடி,” என்றார் தலைவர்.

மாசாணம் தன் சட்டையைக் கழற்றி என் காதில் மாட்டினான். இருளப்பன் ரசீது எழுதி, பசை தடவி, என் நெஞ்சில் ஒட்டினார். எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்க ஆசையாக இருந்தது.

குனிய முடியவில்லை.