மூத்த நாய்

பிரின்சி 'அடுத்து வரும் ஆட்டங்கள்' என்று இன்ஸ்டாகிராமில் மூன்று படங்களைப் போட்ட அன்று வினோத்ராஜுக்கு மதியச் சாப்பாடு இறங்கவில்லை. போடி கடைவீதியில் தன் பெயிண்ட் கடையில் உட்கார்ந்துகொண்டு, அவளுக்கு விழுந்த பாராட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்து வயிறெரிந்தான்.

எரியாதா பின்னே? நாலு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் எடுத்து, பகடை உருட்டி, பேசிப் பேசியே கதை வளர்க்கிற ஆட்டம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று இந்தச் சித்தப்பா மகளுக்குச் சொன்னதே அவன்தான். முதல் பகடையை வாங்கித் தந்ததும் அவன்தான். கல்லூரி நாளிலிருந்து அவனும் ஏழு அரசுகள், எண்ணற்ற ஊர்கள் என்று ஒரு பேராட்டம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறான். விதியை எழுதுவான், மாற்றுவான், மறுபடியும் மாற்றுவான். அதற்குள் இவள் இரண்டு சின்ன ஆட்டங்களைத் தானே எழுதி, புத்தகமாக அச்சடித்து, பார்சல் கட்டி அனுப்பியும்விட்டாள். இப்போது இன்னும் மூன்று வருகிறதாம். ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிப் போகும் ஜீப் ஒன்று, பொட்டிப்புரம் மலைக்குள் ஒரு கதவு, எல்லாவற்றுக்கும் முதலில் வரப்போவது கோம்பை நாய்கள்.

"நாயாம், ஜீப்பாம். இதெல்லாம் ஒரு ஆட்டமாக்கும்" என்று முனகினான். அந்த நாய் யோசனை தனக்கு ஏன் வரவில்லை என்பதுதான் உண்மையான எரிச்சல்.

சனிக்கிழமை அவளே போன் செய்தாள்.

"அண்ணே, நாளைக்கு சர்ச்சு முடிஞ்சதும் வீட்டுக்கு வந்துருங்க. நாய் ஆட்டத்த ஆடிப் பாக்கணும். அச்சுக்குப் போறதுக்கு முந்தி ஓட்டையெல்லாம் தெரிஞ்சாகணும்ல? வேல்பாண்டியும் மகிமாவும் வாறாக."

ஓட்டை என்ற சொல் அவனுக்குத் தேனாய் இனித்தது. சோதனை ஆட்டத்தில் எவ்வளவு கெடுத்தாலும் அதற்குப் பெயர் உதவி. எல்லோர் முன்னாலும் ஆட்டம் படுத்துவிட வேண்டும், அவள் முகம் சுருங்க வேண்டும். அதைப் பார்க்கவே தேனிக்குப் பஸ் ஏறினான்.

ஆட்டம் எளிதுதான். கதையை நடத்துவது பிரின்சி, மற்றவர்களுக்கு ஆளுக்கொரு நாய். விடியும்வரை தோட்டத்தைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காக்க வேண்டும். எல்லா நாயும் சேர்ந்தால்தான் முடியும். கோம்பையில் நிஜமாகவே நாய் வளர்க்கும் வேல்பாண்டி செவலை நாயாகி உற்சாகமாக உறுமினான். பிரின்சியின் தோழி மகிமா குட்டி நாய். வினோத்ராஜ் மூத்த நாயை எடுத்துக்கொண்டான்.

பன்றிக் கூட்டம் வேலியை முட்டியது. "மூத்தவரு என்ன செய்றீக?" என்று கேட்டாள் பிரின்சி.

"நான் வரல."

"ஏன்?"

காரணம் எதையும் அவன் யோசித்து வைத்திருக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"இந்தக் குட்டிக்கு மோப்பம் புடிக்கச் சொல்லிக் குடுத்தது நான். இப்ப எசமான் அதத்தான் தடவிக் குடுக்குறாரு. ஊரே அது பேரச் சொல்லித்தான் கூப்புடுது. இங்கன படுத்துக் கெடக்குற என்னய யாராச்சும் திரும்பிப் பாத்தாகளா? பன்னி மேயட்டும். குட்டி தோத்து வரட்டும். அத நான் பாக்கணும்."

மகிமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஏலே, என்னடா இப்படி ஆடிட்ட!" என்று வேல்பாண்டி அவன் முதுகில் தட்டினான். காவல் தோற்றது, தோட்டம் அழிந்தது, ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. மூத்ததும் குட்டியும் அப்புறம் என்ன ஆயின என்று மேலும் மேலும் ஆடினார்கள்.

முடிந்ததும் பிரின்சி ஒரு பேனாவைத் தேடி எடுத்தாள். "இதுதாண்ணே இந்த ஆட்டத்துல இல்லாம இருந்துச்சு. ஒண்ணுக்கு இன்னொண்ணு மேல பொறாமை. இத விதியாவே வைக்கப் போறேன். அட்டையில உங்க பேரும் வரும். எப்படிண்ணே இப்படி நடிச்சீக?"

கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் அவனைக் கொன்றது. அவனுடைய ஏழு அரசுகள் ஒருத்தரையும் கலங்க வைத்ததில்லை. வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே நல்ல கதை இது, அதுவும் அவள் புத்தகத்துக்குப் போகிறது. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடத்தான் நினைத்தான்.

"அட்டையில என் பேரு உன் பேருக்கு மேலயா, கீழயா?" என்று கேட்டுவிட்டான்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. பிரின்சி நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். நடிப்பில்லை என்பது அவளுக்கு விளங்கிவிட்டதை அவனும் பார்த்தான்.