வழி சொன்ன கிழவி

எழுத்துப் பயிற்சி வகுப்பு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. சாப்பிட்ட மயக்கத்தில் பாதிப் பேர் கொட்டாவி விடும் நேரம். ராட்சசன், ராஜகுமாரி என்று தேவதைக் கதைகளைப் படிக்கவைத்து எழுதச் சொல்லிக்கொடுப்பவளுக்கு இது போதும் என்று துறைத் தலைவர் நினைத்திருப்பார். "உங்க வகுப்புல தூங்கினாலும் கதை கேட்டுத்தானே டீச்சர் தூங்குறாங்க" என்றார் ஒருமுறை. நானும் சிரித்துவைத்தேன்.

வகுப்பில் பன்னிரண்டு பேர். தாளில் பெயர் எழுதக் கூடாது. தாள்களைக் கலைத்துக் கொடுப்பேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. தன் எழுத்துக்குத் தானே வக்காலத்து வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது, அதனால் அந்த விதியில் மட்டும் நான் ரொம்பக் கறார்.

போன வாரம் படித்த கதையில் காட்டில் வழி தவறிய ஒரு பெண் ஒரு குடிசைக் கதவைத் தட்டுகிறாள். உள்ளே இருக்கும் கிழவி ரொட்டி கொடுத்து, ஆற்றைத் தாண்ட வழி சொல்கிறாள். பெண் போய் அரக்கனை ஏமாற்றி, இளவரசனைக் கட்டிக்கொண்டு சுகமாக வாழ்கிறாள். கிழவி பத்தாவது வரியில் வந்து பதினான்காவது வரியில் காணாமல் போகிறாள். "அதுக்கப்புறம் கிழவி என்ன செஞ்சா? ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றேன்.

கொடுக்கிற பயிற்சியை நானும் எழுதுவது வழக்கம். யாருக்கும் காட்ட அல்ல. வீட்டில் நான் ஒருத்திதான். சாயங்காலத்துக்குமேல் என் வீட்டில் சத்தம் போடுவது குக்கர் மட்டும். எழுதினால் யாரோ எதிரில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். எழுதிய தாளை மேஜையில், அவர்கள் கொடுத்த தாள்களின் பக்கத்திலேயே வைத்திருந்தேன். காலையில் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

"எனக்கு ரெண்டு தாள் வந்திருக்கு டீச்சர்" என்றான் கடைசி பெஞ்சில் இருப்பவன். தொண்டையில் எப்போதும் ஜலதோஷம் குடியிருப்பதால் அவனுக்குக் கரகரப்பு என்று பெயர்.

"யாரோ ஆர்வக்கோளாறுல ரெண்டு எழுதியிருக்காங்க. ரெண்டையும் படி" என்றேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

இரண்டாவது தாளின் முதல் வரியிலேயே அது என் தாள் என்று தெரிந்துவிட்டது. வழியைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்திய கிழவி, அன்றிலிருந்து தினமும் இரண்டு தட்டு கழுவுகிறாள். ஒன்றில் சாப்பிடுகிறாள், இன்னொன்றைத் துடைத்து வைக்கிறாள். அந்தப் பக்கம் போகிறவர்கள், "நீ வழி சொன்ன பொண்ணு அரண்மனையில நல்லா இருக்காளாமே" என்று கேட்டால், "தெரியும், தெரியும்" என்கிறாள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்லி அனுப்பியதில்லை.

பாதியில் கரகரப்பு நிறுத்தி என்னைப் பார்த்தான். அவன் கட்டுரைகளின் ஓரத்தில் நான் கிறுக்கிய கையெழுத்தை அடையாளம் தெரியாமலா இருக்கும்? பிறகு எதுவும் நடக்காததுபோல் தொடர்ந்து படித்து முடித்தான்.

ஒருத்தி "பாவம்" என்றாள். இன்னொருவன், "சோறு போட்டவளை மறந்துட்டா, நன்றி கெட்டவ" என்றான். எனக்குக் கொஞ்சம் இதமாகத்தான் இருந்தது. அப்போது குறுக்குக்கேள்வி கையைத் தூக்கினாள். எதைச் சொன்னாலும் குறுக்கே ஒரு கேள்வி போடுகிறவள்.

"எனக்குப் பாவமா இல்ல. அந்தப் பொண்ணு கிளம்புறப்ப கிழவி என்ன செய்றா? வழியைக் காட்டிட்டுக் கதவைச் சாத்திடுறா. திரும்பி வான்னு ஒரு வார்த்தை சொல்லல. அப்புறம் தினமும் தட்டைத் துடைச்சா, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவளுக்கு எப்படித் தெரியும்?"

எனக்குச் சுருக்கென்றது. உனக்கு என்ன தெரியும் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது.

அம்மா அப்பா போனபின் தங்கையை வளர்த்தது நான். ஏழு வருஷம் முன்பு, தனக்குப் பிடித்தவனோடு வேறு ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியும் கையுமாக வாசலில் நின்றாள். "பஸ் ஸ்டாண்டு அந்தப் பக்கம்" என்று கையைக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தினேன். முதல் மாதம் இரண்டு முறை போன் செய்தாள். நான் எடுக்கவில்லை. மூன்றாவது முறை கூப்பிடட்டும், எடுக்கலாம் என்று இருந்தேன். அவள் கூப்பிடவில்லை. இத்தனை வருஷமாக அவளைத்தான் நன்றி கெட்டவள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, தங்கை அன்று கூப்பிட்ட எண்ணை அழுத்தினேன். எடுத்தது ஒரு சிறுமி.

"யாரு பேசுறீங்க?"

தங்கைக்குக் குழந்தை இருப்பதே எனக்குத் தெரியாது. அவள் அம்மா பெயரைக் கேட்டேன், தங்கையின் பெயரைச் சொன்னாள்.

"நான் உன் பெரியம்மா."

"எனக்குப் பெரியம்மா கிடையாதே. அம்மா சின்ன வயசுக் கதையெல்லாம் சொல்லுவாங்க. அதுல பெரியம்மாவே வரமாட்டாங்க."

கிழவிக்குக் கிடைத்த நான்கு வரிகூட எனக்கு இல்லை. போனை வைத்துவிடலாமா என்று நினைத்தேன்.

"அம்மா குளிக்கிறாங்க. என்னன்னு சொல்லட்டும்?"

'ஒண்ணுமில்ல, சும்மாதான்' என்று நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினேன்.

"அக்கா வரச் சொன்னான்னு சொல்லு. நீயும் வா."

"எங்க வரணும்?"

"வீட்டுக்கு" என்றேன். "அம்மாவுக்கு வழி தெரியும்."