நாலாவது விண்ணப்பம்

மைக்கைக் கையில் வாங்கியதும் சாட்சியம்மாவுக்குத் தொண்டை தானாகத் திறந்துகொள்ளும். சாட்சியம்மா என்பது பெற்றோர் வைத்த பெயரல்ல. மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமையில், "சாட்சி சொல்ல விரும்புகிறவர்கள் முன்னே வரலாம்" என்று போதகர் வாய் மூடுவதற்குள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்துவிடுவாள் என்பதால் சபைப் பிள்ளைகள் வைத்தது. கேலிக்கு வைத்ததுதான். காதுக்கு வந்தபோது கோபப்படுவது போல் காட்டிக்கொண்டாளே தவிர, உள்ளூர அவளுக்கு அது பிடித்தே இருந்தது.

"சின்ன வீடுதான் எங்களுக்கு, ரெண்டே ரூம். ஆனா போதும்ங்கிற மனசை ஆண்டவர் தந்திருக்கார்," என்று அன்றும் ஆரம்பித்தாள். "பிள்ளைக்குப் பரீட்சை நேரம், வீட்டுல ஓயாத சத்தம். ஜெபிச்சேன். மறுநாளே அடங்கிடுச்சு. காலையில குளிக்க அடிச்சுப்பிடிச்சு நிக்கணும், வேலைக்கு லேட்டாகும். ஜெபிச்சேன். இப்பல்லாம் நான் எந்திரிக்கிறப்ப பாத்ரூம் காலியா இருக்கு. ராத்திரி பிள்ளைக்குத் தூக்கமில்ல. அதையும் கேட்டேன், கிடைச்சுது. நாலாவதா ஒண்ணு கேட்டிருக்கேன், பிள்ளைக்குன்னு ஒரு தனி ரூம். அதுவும் வருதுன்னு விசுவாசிக்கிறேன்."

சபை ஆமென் சொன்னது. மூன்றாவது வரிசையில் இருந்த நாத்தனார், காது கொஞ்சம் மந்தம் என்பதால், எல்லோரும் சொல்லி முடித்த பிறகு தனியாக ஒரு ஆமென் சொன்னாள். பக்கத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்துக்கொண்டாள்.

நாத்தனார் என்றால் கணவனின் மூத்த அக்கா. கல்யாணம் ஆகாதவள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளும் நோயாளிகளின் அங்கிகளும் தைத்துக் காலத்தைத் தள்ளியவள், ஓய்வு பெற்றதும் ஒரு பெட்டியோடும் ஒரு தையல் மெஷினோடும் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வந்த புதிதில் சாட்சியம்மாவே வாசல் வரை போய்ப் பெட்டியை வாங்கினாள். "இது உங்க வீடுக்கா," என்றாள். அதை மனதாரத்தான் சொன்னாள். அப்படி மனதாரச் சொன்ன பல வார்த்தைகள் கொஞ்ச நாளில் நமக்கே மறந்துபோகின்றன என்பதுதான் வில்லங்கம். பல் டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர் வலிக்கு இதமாகப் பேசுகிறவள் அவள். வீட்டுக்கு வரும்போது அந்த இதம் தீர்ந்துபோயிருக்கும். கதவைத் திறந்ததும் மெஷினின் கடகட சத்தமும், சோபா மேல் துணிக்குவியலும், அவளைப் பார்த்து மலருகிற அந்த முகமும் சேர்ந்து எரிச்சலைக் கிளப்பும்.

ஆனால் சண்டை போடுகிறவள் அல்ல அவள். ஒரு சொல் கடிந்து பேசியதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வாள். சொல்ல வேண்டியதையெல்லாம் இரவு குடும்ப ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிடுவாள். பாட்டு, வாசிப்பு, பிறகு ஆளுக்கொரு ஜெபம். கணவன் இரண்டு வரியில் முடிப்பான், மகள் ரயில் வேகத்தில் முடிப்பாள், நாத்தனார் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிப்பாள். கடைசி ஜெபம் எப்போதும் சாட்சியம்மாவுடையது. அதில் ஈரத் துண்டைக் கட்டில் மேல் போடுகிறவர்களுக்குப் பொறுப்பு கேட்கப்படும், செல்போனைக் கீழே வைக்காதவர்களுக்கு மனந்திரும்புதல் கேட்கப்படும். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிற கணவன் ஒருமுறை, "குழாய் ஒழுகுறதை ஆண்டவர்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்லியிருந்தா நானே சரி பண்ணியிருப்பேனே," என்றான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். சாட்சியம்மா மட்டும் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

சாட்சி சொன்ன மறுநாள் திங்கட்கிழமை. பல் டாக்டருக்கே பல்வலி வந்து, கிளினிக்கை மத்தியானத்துக்கு மேல் சீக்கிரமே மூடச் சொல்லிவிட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, வந்தவர்களையெல்லாம் வேறு நாளுக்கு வரச் சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், வண்டிகளைத் தாண்டி லிஃப்டுக்கு நடக்கையில் அந்தச் சத்தம் கேட்டது. கடகட, நிறுத்தம், மறுபடி கடகட. கண்ணை மூடினாலும் அடையாளம் தெரியும் அவளுக்கு. அடங்கிவிட்டது என்று நேற்று முந்நூறு பேர் முன்னால் சொன்ன சத்தம்.

தண்ணீர் மோட்டார் வைத்திருக்கிற அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே, சுவரெல்லாம் ஈரம் பூத்திருக்க, குழாய்களுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் மெஷினை வைத்துக்கொண்டு நாத்தனார் குனிந்திருந்தாள். மெஷின் சத்தத்தில் இவள் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேன்தான் பேசினார்.

"பிள்ளை படிக்குதாமே மேல? அதான் தினம் இங்க வந்து தைக்கிறாங்க. ஈரம்மா, உடம்புக்கு ஆகாதுன்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க."

அவர் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. ஆனால் அவள் முகம் காந்தியது.

நாத்தனார் நிமிர்ந்து பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தினாள். திருட்டு அகப்பட்டது போல் பதறினாள். "சத்தம் மேல வரைக்கும் கேக்குதாம்மா?"

"இங்க ஏன்க்கா உக்காந்திருக்கீங்க?"

"நீதானம்மா ஜெபத்துல சொன்ன, பிள்ளைக்கு அமைதி வேணும்னு." அவள் குரலில் குறை சொல்கிற தொனியே இல்லை. "எங்கம்மாவும் இப்படித்தான். யாரையும் முகத்துக்கு நேரா சொல்ல மாட்டாங்க, ஜெபத்துலதான் சொல்வாங்க. நாங்க புரிஞ்சுக்கிட்டுச் செஞ்சிடுவோம். மனசு நோகாமச் சொல்ல ஒரு வழி. நீயும் அந்தக் குணம்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

 குளியலறை ஏன் காலியாக இருக்கிறது என்பது சாட்சியம்மாவுக்குப் புரிந்தது. ஊர் விழிக்கும் முன்னே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்துகிற ஒரு உருவம் கண்ணில் வந்தது. மகளின் தூக்கமும் புரிந்தது. மகளோடு ஒரே அறையில் படுத்த நாத்தனாரின் குறட்டைதான் அந்த அறையை விட்டுப் போயிருந்தது. சமையலறைக் கதவுக்குப் பின்னால் சுருட்டி வைத்த பாயை அவள் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தாள்? 'அங்கேதான் காற்று வரும் போல' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தாண்டிப் போனாளே!

"நாலாவதுதான் கொஞ்சம் இழுக்குது," என்றாள் நாத்தனார், ஏதோ தன் பக்கம் தாமதம் போல. "பொம்பளைங்க ஹாஸ்டல்ல கேட்டு வச்சிருக்கேன். ஒரு கட்டில் காலியாகுதாம், அடுத்த வாரம் வரச் சொல்லிட்டாங்க. தம்பிகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன், நீ ஒண்ணும் கவலைப்படாத. இந்தா, பாரு." மெஷினில் இருந்த துணியைத் தூக்கிக் காட்டினாள். சின்னச் சின்ன நீலப் பூக்கள் போட்ட திரைச்சீலை. "ரூம் அவளுக்குன்னு ஆனதும் ஜன்னலுக்குப் போட. பிடிக்குமா அவளுக்கு?"

பிடிக்கும் என்று தலையை ஆட்டிவிட்டு அவள் லிஃப்டுக்குப் போகாமல் படியேறினாள். லிஃப்டில் கண்ணாடி இருக்கிறது.

வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளப் பார்த்தாள். அந்தப் பொய் நிற்கவில்லை. 'அமைதி' என்று வேண்டுகிற இடத்தில் குரல் சற்று உயர்ந்ததே, அது எதற்காக? ஆண்டவருக்கா காது மந்தம்? மெஷின் சத்தம் நின்ற அன்று, அது எங்கே போயிற்று என்று ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? கேட்டால் பதில் வந்துவிடும் என்றுதானே! ஒருத்தி தன் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிச் சுருக்கி இவளுக்குக் கொடுக்க, அந்த நன்றியையெல்லாம் ஆண்டவர் கணக்கில் எழுதி, கைதட்டலை இவள் வாங்கிக்கொண்டாள். போதும் என்கிற மனசைப் பற்றி மைக்கில் பேசியது இவள். அந்த மனசு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொன்னது. நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

கூப்பிட்டுப் பேசிவிடலாம் என்று சாயங்காலம் முழுக்க நினைத்தாள். தேநீரைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாய் வரை வந்தது. "சர்க்கரை போதுமாக்கா?" என்றுதான் கேட்க முடிந்தது. "போதும்மா," என்றாள் நாத்தனார். கரண்டி வைத்துக் கலக்கவே இவள் மறந்திருந்தாள் என்பது டம்ளரைக் கழுவும்போது அடியில் கிடந்த சர்க்கரையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இரவு ஜெபத்துக்கு முழங்கால் போட்டார்கள். கணவன் முடித்தான், மகள் முடித்தாள். நாத்தனார் இந்த வீட்டில் தனக்குக் கிடைத்த நல்ல நாட்களுக்காக நன்றி சொன்னாள். கணவனுக்கு அதில் ஒன்றும் உறைக்கவில்லை. கடைசி முறை வந்தது.

"ஆண்டவரே," என்றாள் சாட்சியம்மா. அதற்கு மேல் வரவில்லை. அக்கா போகக்கூடாது என்று கேட்கலாம். கேட்டால் இருந்துவிடுவாள், இன்னொரு உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற மாதிரி, மோட்டார் அறையிலும் சமையலறைப் பாயிலும். என்னை மன்னியும் என்று சொல்லலாம். அதுவும் முகத்துக்கு நேராகச் சொல்லாமல் தப்பிக்கிற வழிதான். ஜெபத்தின் நடுவில், வாழ்க்கையில் முதல் தடவையாக, அவள் கண்ணைத் திறந்தாள்.

நாத்தனாரின் கண்களும் திறந்திருந்தன. நல்ல காதை இந்தப் பக்கம் திருப்பி, ஒரு சொல்லும் தவறிவிடக்கூடாதே என்று இவள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளும் இப்படித்தான் கேட்டிருக்கிறாள்.

"அக்கா," என்றாள் சாட்சியம்மா. 

நீண்ட நேரம் சத்தம் வராததால் ஜெபம் முடிந்தது என்று நினைத்துக் கணவன் ஆமென் சொன்னான். மகளும் சொன்னாள். நாத்தனார் மட்டும் சொல்லவில்லை. முழங்காலிலேயே கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் வந்தாள்.

"சொல்லும்மா, என்ன செய்யணும்?" என்றபடி, எழுந்திருக்கத் தோதாக ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டாள்.