ஜன்னலோர ஃபில்டர்

தேவசகாயம் மாமா வாங்கிய தண்ணீர் ஃபில்டர், முதுநகரில் எங்கள் தெருவுக்கே முதலாவது. அப்படிப்பட்ட பொருளை அடுப்படியில் வைப்பது அதற்கு அவமரியாதை. எனவே தெருவைப் பார்த்த கிழக்கு ஜன்னலில், டிவிக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். உள்ளே தண்ணீர் சொட்டுவது மீன்காரம்மாவுக்குக்கூடத் தெரியும். காலை வெயில் பட்டால் ஜொலிக்கும்.

இரண்டு வாரத்தில் தண்ணீர் பச்சையானது.

"எவனோ கலக்குறான்" என்றார் மாமா.

நான் அவர் வீட்டில் தங்கி, தினமும் பஸ்ஸில் சிதம்பரம் போய்த் தாவரவியல் படிப்பவன். "பாசி மாமா. வெயில் பட்டா வரும். தேய்ச்சுக் கழுவி இருட்டு மூலையில வெச்சா சரியாயிடும்."

"பாசி கொளத்துல வரும் மாப்ள. ஃபில்டர்லயும் வந்தா அப்புறம் அது என்னாத்துக்கு ஃபில்டர்? அரியர் வெச்சிருக்கிறவன்லாம் பேசக் கூடாது."

சந்தேகம் மாடிப்படி ஏறியது. அங்கே குடியிருந்தவர் பெயிண்டர் பொன்னுரங்கம். டிஷ் ஆன்டெனா மேல் கைலி காயப்போட்டதற்காக மாமா அவரைக் கண்டித்திருந்தார். அந்த வாரம் பார்த்து அவர் ஏதோ ஒரு மதிலுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணெல்லாம் பச்சை. மாமாவுக்கு அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை.

"இந்த மாசத்தோட காலி பண்ணிக்கப்பா."

பொன்னுரங்கத்தின் மனைவி கனிமொழிக்கு ஏழாம் மாதம். என்னைப் படியில் நிறுத்தினார். "புள்ளத்தாச்சிக்கு யாரு தம்பி வூடு குடுப்பாங்க? கொழந்தையோட வந்து எறங்க ஒரு எடம் வேணாமா? நீங்களாவது சொல்லுங்க."

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஃபில்டரில் ஊற்றுகிற அதே டேங்க் தண்ணீர்தான். மூடி போட்ட எவர்சில்வர் குடத்தில் தெளிவாக இருந்தது. இறங்கிப் போய் மாமாவிடம் சொன்னேன்.

"பாத்தியா! கலக்குறவன் தன் கொடத்துலயா கலக்குவான்?"

ஃபில்டரைத் திருப்பிக் காட்டினேன். வெயில் படுகிற ஜன்னல் பக்கம் மட்டும் பச்சை அப்பியிருந்தது. மறுபக்கம் சுத்தம்.

"அப்ப ஜன்னல் வழியாத்தான் போட்டிருக்கான்."

ஜன்னல் சாத்தப்பட்டது. செல்லாயி அத்தை ஃபில்டரைத் தேய்த்துக் கழுவி, எவனும் கை வைக்காதபடி அரிசிச் சாக்கால் தலை முதல் கால் வரை மூடினார். அதன்பின் தண்ணீர் பன்னீர் மாதிரி வந்தது.

"ஜன்னலைச் சாத்துனதும் நின்னு போச்சு பாத்தியா மாப்ள. அவனேதான்."

நான் சொன்ன வைத்தியம் முழுசாக நடந்துவிட்டது. அதில் குணமானது தண்ணீர் மட்டும். பொன்னுரங்கம் மேல் மாமாவுக்கிருந்த சந்தேக வியாதி முற்றிவிட்டது.

வளைகாப்பு வந்தது. கனிமொழியை மங்கலம்பேட்டையில் அம்மா வீட்டில் விட்டு வர, மாடியைப் பூட்டிக்கொண்டு இருவரும் கிளம்பினார்கள். அன்றே மாமாவிடம் சொன்னேன்: "ஆளுதான் ஊர்ல இல்லியே மாமா. சாக்கை எடுத்துடலாம். தெருவும் பாக்கட்டும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. அவரே ஜன்னலைத் திறந்தார்.

பொன்னுரங்கம் அங்கேயே கொஞ்ச நாள் தங்கிவிட்டார். வெயில் லீவு போடவில்லை. பச்சை திரும்பி வந்தது.

மாமா ஃபில்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"மாடி பூட்டித்தான் இருக்கு."

"ஆமா மாமா."

"அப்ப அவன் இல்ல."

"இல்ல மாமா."

"பாவம், புள்ளத்தாச்சிய வெச்சிக்கிட்டு... அவன் இங்கியே இருக்கட்டும்."

நான் மனசுக்குள் கைதட்டிக்கொண்டேன். அத்தை மெதுவாகச் சொன்னார்: "அப்ப ஆளு வூட்டுக்குள்ளயேதான் இருக்கு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"மொத மொதல்ல பாசின்னு பேரு சொன்னது யாரு?" என்றார் மாமா. "சாக்கை எடுக்கச் சொன்னது யாரு?"

"விடுங்க, பரீட்சைக்கு வளக்குறான் போல" என்று அத்தை எனக்காகப் பரிந்து பேசினார். அதோடு எல்லாம் முடிந்தது.

சிதம்பரத்தில் ஒரு ரூம் பார்த்துக்கொண்டேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த பொன்னுரங்கம்தான் என் பெட்டியைச் சைக்கிளில் வைத்து பஸ் ஸ்டாண்டுக்குத் தள்ளி வந்தார். பெட்டியை ஏற்றிவிட்டுக் கேட்டார்: "நல்ல குடும்பத்துப் புள்ள. தண்ணியில எதுக்கு தம்பி கை வெச்சீங்க?"

பஸ் கிளம்பும் வரை விளக்கினேன். வெயில், பாசி, சாக்கு எல்லாம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வேர்த்து வழிந்துகொண்டிருந்தது அவருக்கு. என் பாட்டிலை ஜன்னல் வழியாக நீட்டினேன்.

"குடிங்கண்ணே."

பாட்டிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தாகமில்ல தம்பி" என்றார்.