நெற்பயிரை மரமென்று அளந்தவள்

தாமரைச்செல்வி கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நெரவியில் நெல் விளைகிற வீட்டில் பிறந்தவள் செய்கிற காரியமா அது! காரைக்காலில் எத்தனை பங்கு மரநிழல் இருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தை வைத்து அளந்து கொடுப்பது அவள் வேலை. மார்கழி மாதத்துப் படத்தை எடுத்தாள். ஊரோரத்துச் சம்பா வயலையும் கம்ப்யூட்டர் மரமென்றே கூட்டிவிட்டது. நூற்றுக்கு இருபத்தெட்டு என்று அறிக்கை போயிற்று. அதிகாரி பூமிநாதன் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

பங்குனியில் பஸ்ஸில் வரும்போது அறுவடையான வயல் வெறிச்சென்று கிடந்தது. ஐயோ, இதைத்தானே மரமென்று போட்டோம்! திரும்ப அளந்தாள். பதினொன்றுதான் வந்தது. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா? பாராட்டிய வாய் என்ன சொல்லுமோ என்ற வெட்கம். திங்கட்கிழமை சொல்லலாம், அடுத்த திங்கள் சொல்லலாம் என்று ஒரு மாதத்தை ஓட்டினாள், பாவி.

ஒருநாள் சந்தை சாலையில் ஏழு தூங்குமூஞ்சி மரங்களிலும் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். மரத்தடியில் பூ விற்கும் அஞ்சுகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அளந்து காட்டுனா வெட்டமாட்டாங்கன்னு நீதானே தாயி சொன்ன? வெயில்ல பூவு அரை மணி நேரம் தாங்காது. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லேன்."

"இன்னிக்கே சொல்றேன்க்கா."

போனாள். பூமிநாதன் அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது என்று திரும்பிவிட்டாள்.

மறுநாள் காலை நேரே அவர் மேஜைக்குப் போய் நின்றாள். "சார், என் கணக்கு தப்புங்க. வயலையும் மரம்னு சேத்துட்டேன். பதினொண்ணுதாங்க இருக்கு."

"எப்பம்மா தெரிஞ்சுது?"

"ஒரு மாசமாச்சு சார்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இருபத்தெட்டு இருக்கேன்னுதாம்மா ஏழு மரத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். விடியக்காலையிலயே வெட்டிட்டாங்க. அறிக்கையத் திருத்திக் குடுங்க. அந்த ஏழையும் கழிச்சிட்டுக் குடுங்க."

மத்தியானம் அவள் சந்தை சாலைக்குப் போனாள். வெட்டவெளியில் அஞ்சுகம் மல்லிகைமேல் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் நகர்ந்து, உட்கார இடம் விட்டாள்.

"நீ சொல்லித்தான் பாத்திருப்ப. அவங்க கேக்கலன்னா நீ என்ன பண்ணுவ, பாவம்."

தாமரைச்செல்வி தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம்.

"இல்லக்கா. நேத்து நான் சொல்லவே இல்ல."

தெளித்த கை நின்றது. அஞ்சுகம் அவளை ஒருதரம் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவர் ஓரமாகப் போய்விட்டாள்.