பயத்துக்கு இரண்டு துளி

"கொஞ்சம் பஞ்சு கொண்டு வாங்கோ" என்று முற்றத்திலிருந்து அயல்வீட்டுக் கதிரவேலு அண்ணை கேட்டபோது, அது எங்கே இருக்கிறதென்று மீனாம்பிகை யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அலுமாரியின் கீழ்த்தட்டில், மூக்குக்குத் துளி விடும் கண்ணாடிக் குழாயோடு சேர்த்து ஒரு பிஸ்கட் தகரப் பேணிக்குள் வைத்திருந்தாள். நேற்றுக் காலையும் அதிலிருந்து கிள்ளி எடுத்துத்தான் மருந்து விட்டபின் கணவன் கனகரத்தினத்தின் மூக்கைத் துடைத்துவிட்டாள். இன்றைக்குப் பேணியை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். கதிரவேலு அண்ணை பஞ்சை உருட்டிக் கனகரத்தினத்தின் இரண்டு மூக்குத் துவாரங்களையும் அடைத்தார். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை.

செத்தவீட்டுக்கு வந்த சனமும் நம்பமாட்டாமல்தான் நின்றது. கொக்குவிலில் பொம்மர் பிளேன் குண்டு போட்டு எவர் செத்தாலும் கனகரத்தினம் மட்டும் சாகமாட்டார் என்று ஊர் முழுக்க நினைத்திருந்தது. மனிதர் பங்கர்க் குழிக்குள்ளேயே குடியிருந்தவர். ரயில் ஓடிய காலத்தில் ஸ்டேசனில் டிக்கட் கொடுத்தவர். ரயில் நின்றுபோய், சனம் தண்டவாளத்துச் சிலிப்பர் கட்டைகளைக் கிளப்பிப் பங்கர்களுக்குக் கூரை போட்டபோது, அவரும் சில கட்டைகளைக் கொண்டுவந்து முற்றத்து மாமரத்தடியில் ஒன்று கட்டினார். பக்கத்து ஒழுங்கையில் குண்டு விழுந்து, தெரிந்த குடும்பமொன்று சோற்றுக் கோப்பைகளோடு செத்துக்கிடந்ததைப் பார்த்துவிட்டு வந்த அன்று அதற்குள் இறங்கினவர்தான். சாப்பாடு உள்ளே, படுக்கை உள்ளே. குளிக்க மட்டும் பொழுதுபட்ட பிறகு கிணற்றடிக்கு வருவார். மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கும் அவருக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கும்.

"பங்கர் மாப்பிள்ளை சுகமோ?" என்று படலை வாசலில் நின்று பகிடி பண்ணாத ஆள் இல்லை. மீனாம்பிகைக்கு அது பகிடியாக இருக்கவில்லை. இந்த மனிதர் ஒருநாளாவது முற்றத்து வெயிலில் கதிரை போட்டிருந்து தேத்தண்ணி குடிக்க வேண்டும். இரண்டு வருசமாக அவள் நல்லூர்க் கந்தனிடம் கேட்டது அவ்வளவுதான்.

மொஸ்கோவில் வைத்தியம் படித்து, அங்கேயே ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்த அவளுடைய தம்பி பஞ்சலிங்கம் போன மாதம் கிளாலிக் கடலேரியால் வள்ளமேறி வந்தான். பிளாஸ்குக்குள் ஐஸ் போட்டு, அதற்குள் சின்னிவிரல் அளவில் ஒரு போத்தல் கொண்டுவந்தான். பெப்டைட் என்றான். புரதத்தின் ஒரு சிறு துண்டைப் போலச் செய்ததாம். பயத்தை எடுத்து மனசைத் தேற்றுமாம், மூளை பழுதாகாமல் காக்குமாம். இன்னும் கடைக்கு வரவில்லை, சோதித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்பதையும் அவன் மறைக்கவில்லை. விடுவமா வேண்டாமா என்று அவன்தான் இழுத்தான். ஆர் ஆருக்கோ விட்டுச் சோதிக்கிறதை அத்தானுக்கு விட்டால் என்ன என்று கேட்டவள் அவள்.

மருந்து குளிரில் இருக்க வேண்டும். கரண்டைக் கண்டே வருசக்கணக்கான ஊரில் குளிருக்கு எங்கே போவது? போத்தலைப் பொலித்தீன் பையில் சுற்றி, கல்லும் சேர்த்துக் கட்டிக் கிணற்றுக்குள் கயிற்றில் இறக்கினாள். காலையில் அதை இழுத்தெடுத்துக்கொண்டு பங்கருக்குள் போவாள். அவர் அவள் மடியில் தலைவைத்து அண்ணாந்து படுப்பார். ஒவ்வொரு மூக்குக்கும் இரண்டு துளி. கலியாணமான புதிதில்கூட மனிதர் அப்படி மடியில் படுத்ததில்லை. அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

முதலில் நடுக்கம் நின்றது. பிறகு ஒருநாள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முற்றத்தில் நிற்கிறார். நேற்றும் அங்கேதான் நின்றவர் போல ஒரு கதிரை கேட்டார். பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தார். செவ்வரத்தை தண்ணியில்லாமல் வாடுகிறதென்று குறையும் சொன்னார். மீனாம்பிகை அடுப்படிக்குள் ஓடிப்போய், சீலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு சந்தோசத்தில் அழுதாள்.

நேற்றும் அந்தக் கதிரையில்தான் இருந்தார். பொம்மரின் இரைச்சல் கேட்டது. பஞ்சலிங்கம் பங்கருக்குள் பாய்ந்தான். அவள் பாதி வழியில் நின்று அவரைக் கூப்பிட்டாள். அவர் எழும்பி, முற்றத்தின் நடுவில் நின்று, நெற்றியில் கைவைத்து வானத்தைப் பார்த்தார். சின்னப்பிள்ளை பட்டம் பார்ப்பது போலப் பார்த்தார்.

"நீர் போம். உவன் எங்கை திரும்புறானெண்டு பாத்திட்டு நான் வாறன்."

குண்டு விழுந்தது ரயில் பாதைக்கு அங்கால். இந்த வளவுக்குள் வந்தது ஒரேயொரு இரும்புத்துண்டு.

பஞ்சலிங்கம் அப்போதிருந்து கிணற்றுக்கட்டில்தான் குந்தியிருந்தான். அவள் தேத்தண்ணி கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தாள். "அக்கா, அந்த மருந்து..." என்று தொடங்கினான்.

"மருந்திலை பிழையில்லைத் தம்பி. நல்லாத்தான் வேலை செய்தது" என்றாள் அவள். "பயத்தை எடுக்குமெண்டு சொன்னாய். எவ்வளவு எடுக்குமெண்டு நானும் கேக்கேல்லை, நீயும் சொல்லேல்லை."

அவன் குனிந்து கயிற்றைப் பார்த்தான். அது இன்னும் கிணற்றுக்குள் இறங்கிக் கிடந்தது.

வாய்க்கரிசி போட்டு முடிகிற நேரம் திரும்பவும் இரைச்சல் கேட்டது. பாடை தூக்க வந்தவர்கள், பறையடித்தவர்கள், கட்டிப்பிடித்து அழுத பெண்கள், எல்லோரும் விட்டது விட்டபடி ஓடினார்கள். அடுத்த வீட்டுச் சின்னத்தங்கம் மாமி மீனாம்பிகையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பங்கருக்குள் தள்ளினாள். பகிடி பண்ணின ஆட்கள் அவ்வளவு பேரும் முழங்காலோடு முழங்கால் முட்ட உள்ளே நெருங்கி இருந்தார்கள். யாரோ கனகரத்தினத்தின் தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிட்டு, பிறகு தடவி எடுத்து நிமிர்த்தி வைத்தார்கள். வாசலால் பார்க்கப் பந்தல் தெரிந்தது. ஊர் முழுக்க உள்ளே இருக்க, அவர் மட்டும் வெளியில் அண்ணாந்து படுத்திருந்தார்.

குண்டு எங்கேயோ தூரத்தில் விழுந்து அடங்கியது. சனம் ஒவ்வொருவராக ஏறி வெளியே போனது. பஞ்சலிங்கம் வாசலில் வந்து குனிந்தான்.

"அக்கா, பிளேன் போயிட்டுது. அத்தானைத் தூக்கப் போயினம், வாங்கோ."

"நீ போ தம்பி. நான் வாறன்."

மூலையில் அவருடைய தலையணை கிடந்தது. அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.